போக எவ்வளவு, வர எவ்வளவு

லாஸ் தெபாஸ்
6 ஏப்ரல் 2003, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி நோல்பெர்த்தோ எழுதுகிறேன். நான், என் மனைவி ஐதே, மகள் தாமாரிஸ் மூவரும் சுகம். வானத்துக்குத்தான் உடம்பு சரியில்லை போலிருக்கிறது, பதினோரு நாளாக ஒழுகுகிறது. உன் முட்டி எப்படி? மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்னதைக் கேட்கிறாயா, இல்லை அவருக்கே பாடம் நடத்துகிறாயா?

ஃபோனை விட்டுவிட்டு இவன் ஏன் காகிதத்தை எடுத்தான் என்று யோசிப்பாய். இந்த மலைக்குள் கைபேசி எடுக்காது. வீட்டு ஃபோனும் சப்ஸ்டேஷன் ஃபோனும் கம்பெனியுடையவை, பேசுவது எல்லாம் பதிவாகும். என்மேல் விசாரணை வைத்திருக்கிறார்கள். அது முடியும்வரை கம்பெனியில் இருக்கும் சொந்தக்காரர் யாரோடும் இதைப் பற்றிப் பேசக் கூடாதாம். பேசக் கூடாது என்றுதான் சொன்னார்கள். எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். மார்ச் 28, வெள்ளி, மாலை ஏழு ஐம்பதுக்கு எல் சால்தோ லைன் டிரிப் ஆகிவிட்டது. மின்னல் இல்லை, மரம் விழவில்லை, கம்பி அறுந்துபோகவில்லை. லைனைக் காவல் காக்க இங்கே ஒன்றும் எல் சால்தோவில் ஒன்றுமாக இருக்கும் இரண்டு ரிலேக்களும், ஒரு முனையில் நுழைந்த மின்சாரம் மறு முனையில் வந்து சேரவில்லை என்று சொல்லி லைனைத் திறந்து மின்சாரத்தை நிறுத்திவிட்டன. தொண்ணூற்றிரண்டு கிலோமீட்டரையும் ஆள் விட்டுப் பார்த்த பிறகே மறுபடி மின்சாரம் கொடுக்க முடிந்தது. மூன்றே முக்கால் மணி நேரம் ஊரே இருட்டு. சால்மன் பண்ணையில் டீசல் என்ஜின் கிளம்பாமல் நான்கு லட்சம் குஞ்சு மீன்கள் செத்தன.

அந்த நேரத்தில் நான் பேனலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். என் பழக்கம் உனக்குத் தெரியும், தூசி கண்டால் கை சும்மா இருக்காது. கூட வேலை பார்க்கும் பாரியா, நண்பன் என்று பேர், அதையே சாட்சியாகச் சொல்லிவிட்டான். ரிலேயின் சோதனை சுவிட்சில் என் துணி பட்டதால்தான் லைன் விழுந்தது என்கிறார் விசாரிக்க வந்த இஞ்சினியர் வெனேகாஸ். ஊரில் எனக்கு இப்போது 'துணி' என்றே பெயர்.

நான் தொடவில்லை, அக்கா. என் கை எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாதா? வேலை போனால் இந்தக் கம்பெனி வீடும் போகும். ஆனால் எனக்குப் பயமில்லை. நாடு முழுவதும் கண்ணாடி இழை போட்டவள் என் அக்கா. அந்த ரிலேக்கள் உன் இழை வழியாகத்தானே ஒன்றோடொன்று பேசுகின்றன? விசாரித்துச் சொல்.

மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடிப்போய்த் தபால்காரம்மா எதுவிகேஸின் ஜன்னலில் இதைக் கொடுக்கப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமையும் வாங்கிக்கொள்வாள்.

உன் தம்பி,
நோல்பெர்த்தோ

•

சந்தியாகோ
12 ஏப்ரல் 2003, சனி

தம்பி நோல்பெர்த்தோவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். முட்டி என் பேச்சைக் கேட்பதில்லை, நான் டாக்டர் பேச்சைக் கேட்பதில்லை. ஐதேக்கும் தாமாரிஸுக்கும் என் முத்தங்கள்.

முதலில் ஒரு புகார். உன் கடித உறையில் மீன் வாடை குடலைப் பிடுங்குகிறது. எழுதும் முன்பு கையைக் கழுவக் கூடாதா?

பதறாதே. அந்த ரிலேக்களை எனக்குத் தெரியும். காரணம் இல்லாமல் அவை லைனைத் திறக்காது. துணி பட்டால் ஒரு முனை மட்டும்தான் அலறும். இரண்டும் சேர்ந்து அலறியிருக்கின்றன. அதனால் உன் துணி குற்றவாளி இல்லை என்று நான் இப்போதே தீர்ப்பு எழுதிவிட்டேன். பதினோரு நிலையத்தைச் சுற்றி ஓடும் என் இழை வளையத்திலும் கோளாறு இல்லை. அதை நானே அளந்து, நானே கையெழுத்துப் போட்டு ஒப்படைத்தேன். அந்த வளையம் ஓடிய அழகைப் பார்த்துத்தான் ஜூலையில் தொடங்கும் தெற்கு விரிவாக்கத்துக்கு என்னைத் தலைமையாகப் போடப் போகிறார்கள். இந்த நாற்காலியில் ஒரு பெண் உட்காருவது இதுவே முதல் தடவை. வெளியே சொல்லாதே, இன்னும் தாள் வரவில்லை.

ஆகவே கோளாறு வேறெங்கோ இருக்கிறது, கண்டுபிடித்துவிடலாம். அன்று மத்தியானம் முதல் லைன் விழும்வரை நடந்ததை எல்லாம், உனக்கு அற்பமாகப் படுவதையும் சேர்த்து எழுது.

அக்கா,
எல்விரா

•

லாஸ் தெபாஸ்
20 ஏப்ரல் 2003, ஈஸ்டர் ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

பண்டிகை வாழ்த்துகள். எல்லோரும் சுகம். ஐதே ஆப்பிள் வைத்துக் கூகென் கேக் சுட்டிருக்கிறாள், உன் பங்கை நானே தின்று தீர்த்தேன்.

மீன் வாடைக்கு நான் பொறுப்பில்லை. பண்ணையில் குஞ்சுகள் செத்ததிலிருந்து என் வீட்டில் மீனே சமைப்பதில்லை, யாரும் எங்களுக்கு விற்பதும் இல்லை. ஐதே கடைக்குப் போனால் பேச்சு நின்றுவிடுகிறதாம்.

நேற்று உன் கடிதம் வந்தது. ஆறாம் தேதி நான் எழுதினேன், பத்தொன்பதாம் தேதி பதில் கையில். போய்வரப் பதின்மூன்று நாள். போக ஆறரை, வர ஆறரை. அப்படியானால் என் கடிதம் கைக்கு வந்த அன்றே உட்கார்ந்து பதில் எழுதியிருக்கிறாய். ஐதேயிடம் காட்டிப் பெருமையடித்துக்கொண்டேன். உங்க அண்ணன் ஒரு வாழ்த்து அட்டைக்கே ஆறு மாசம் எடுத்துக்குவாரே என்று சீண்டினேன், கூகென் தட்டு என் பக்கத்திலிருந்து நகர்ந்துவிட்டது.

நீ கேட்ட நாள். இரண்டு மணிக்கு வேலைக்குப் போனேன். வடக்குக் காற்று பலமாக இருந்தது, ஜன்னல் ஆடியது. மூன்றுக்குப் பாரியாவோடு மாத்தே குடித்தேன். நாலரைக்கு டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயின் சூட்டைக் குறித்தேன். ஆறு நாற்பதுக்கு உங்கள் இழை அலமாரியில் மஞ்சள் விளக்கு எரிந்தது, சத்தம் எழுப்பாத விளக்குதான். பச்சை நோட்டில் எழுதினேன். அந்த நோட்டின் நகல்தான் மாதா மாதம் உன் ஆபீசுக்கு வருகிறதே. வெனேகாஸ் சிவப்பு நோட்டை மட்டும் வாங்கிப் பார்த்தார். மின்சாரம் சிவப்பு, தொலைத்தொடர்பு பச்சை, அவர் மின்சாரத்துக்காரர். ஏழு மணிக்கு மீன் ஆலையின் குளிர்பதன எந்திரங்கள் ஓடத் தொடங்கி லோடு ஏறியது. ஏழரைக்குத் துணியை எடுத்தேன். ஏழு ஐம்பதுக்கு எல்லாம் முடிந்தது.

இவ்வளவுதான். கண்டுபிடி, தலைவியம்மா.

நோல்பெர்த்தோ

•

லாஸ் தெபாஸ்
11 மே 2003, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்? இருபத்தொரு நாளாயிற்று, பதில் இல்லை. முட்டியா, தபாலா, வேலையா? படியில் கிடியில் விழுந்துவைத்தாயோ என்று ஐதே கவலைப்படுகிறாள்.

மே 2, மாலை ஏழு இருபதுக்கு லைன் மறுபடி விழுந்தது. மறுபடியும் என் ஷிப்டு. மாலை ஷிப்டு யாருக்கும் பிடிக்காததால் நான்தான் எப்போதும் எடுத்துக்கொள்வேன், அதுதான் இப்போது வினை. இந்தத் தடவை கையில் துணிகூட இல்லை. சத்தியமாக மாத்தே குவளைதான் இருந்தது. சொன்னால் யார் நம்புகிறார்கள்? மருத்துவமனையில் டீசல் என்ஜின் கிளம்பிவிட்டது, கடவுள் காப்பாற்றினார்.

வெனேகாஸ் வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ரிலேயைத் தட்டிக் கொட்டிச் சோதித்தார். ஒன்றும் அகப்படவில்லை. ரிலே யோக்கியன் என்றால் நான் அயோக்கியன். முடிவு விசாரணை ஜூனில். என்னிடம் தனியாகச் சொன்னார்: "ஒத்துக்கிட்டா மூணு மாசம் சம்பளமில்லாம வீட்ல இருக்கணும், அதோட போச்சு. ஒத்துக்கலன்னா வேலையே போயிடும். யோசிங்க நோல்பெர்த்தோ."

செய்யாததை ஒத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்றால் அந்தப் பாவம் எங்கே என்று என் அக்கா கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறாள், அவர் பாட்டுக்குப் பேசட்டும்.

உடனே எழுது. ஒரு வரி போதும்.

நோல்பெர்த்தோ

•

சந்தியாகோ
17 மே 2003, சனி

தம்பிக்கு,

விழவில்லை, சாகவில்லை, வேலை கொஞ்சம் அதிகம். ஐதேயைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல். இங்கே குளிர் இறங்கிவிட்டது. ஜன்னலிலிருந்து மலையெல்லாம் வெள்ளையாகத் தெரிகிறது.

மூன்று கேள்விகள். இரண்டு தடவையும் லைன் விழுந்தபோது லோடு எத்தனை ஆம்பியர்? மே 2 அன்றும் வடக்குக் காற்றா? மஞ்சள் விளக்கு எரிந்து லைன் விழாத நாள் ஏதாவது பச்சை நோட்டில் இருக்கிறதா?

தாமாரிஸுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு ஸ்வெட்டர் பின்னுகிறேன். கை அளவு எழுது.

எல்விரா

•

லாஸ் தெபாஸ்
25 மே 2003, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். கை அளவு நாற்பத்தொரு சென்டிமீட்டர். ஸ்வெட்டர் பின்ன நேரம் இருக்கிறது, தம்பிக்கு நாலு வரி சேர்த்து எழுத நேரமில்லை. இருக்கட்டும்.

மார்ச் 28: 610 ஆம்பியர். மே 2: 655. இரண்டு நாளும் வடக்குக் காற்று. மே 2 அன்று மஞ்சள் விளக்கு ஆறு மணிக்கு எரிந்தது.

லைன் விழாத நாள் உண்டு. ஈஸ்டர் அன்று காலையிலிருந்து மாலைவரை மஞ்சள் எரிந்தது, ஒன்றும் ஆகவில்லை. ஆலை மூடியிருந்தது, லோடு 140தான். நோட்டைப் புரட்டும்போது எனக்கே உறைத்தது: மஞ்சளும் கனமான லோடும் சேர்ந்தால்தான் லைன் விழுகிறது. ஏன் அக்கா? உங்கள் ஆட்களைக் கேட்டால், மஞ்சள் ஒன்றுமில்லை, பேச்சு தடைப்படாது, பேசாமல் விடு என்கிறார்கள்.

உனக்கு ஏதோ தெரிந்துவிட்டது. கேள்வி குறையக் குறைய உனக்கு விஷயம் தெரியும் என்று அர்த்தம், சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். சொல்லிவிடு.

நோல்பெர்த்தோ

•

சந்தியாகோ
31 மே 2003, சனி

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. எனக்குத் தூக்கம் மட்டும் கொஞ்சம் குறைவு.

கேள், பொறுமையாகச் சொல்கிறேன். இரண்டு ரிலேயும் தாங்கள் பார்த்த மின்சாரத்தை ஒன்றுக்கொன்று அனுப்பி ஒப்பிடுகின்றன. ஒப்பிட வேண்டியது ஒரே கணத்து மின்சாரத்தை. அது நொடிக்கு ஐம்பது தடவை ஏறி இறங்குகிறது. கணம் கொஞ்சம் பிசகினாலும் ஒன்று மேட்டில் இருக்கும், மற்றது பள்ளத்தில் இருக்கும். அதனால் சேதி வர எவ்வளவு நேரம் ஆனது என்று ரிலேக்குத் தெரிய வேண்டும். அது ஒரு சேதியை அனுப்பி, திரும்பி வரும் நேரத்தை அளந்து, அதைப் பாதியாக்கிக்கொள்கிறது. அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

உன் வீட்டுக்குப் பின்னால் விறகுக்குப் போகும் மலைப்பாதையை எடுத்துக்கொள். ஏற ஐம்பது நிமிடம், இறங்கப் பத்து. நீ போய்வந்த அறுபது நிமிடத்தை மட்டும் பார்க்கிறவன், முப்பதாவது நிமிடத்தில் நீ உச்சியில் இருந்தாய் என்பான். நீயோ அப்போது பாதி வழியில் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பாய்.

எங்கள் வளையத்தில் போக ஓர் இழை, வர ஓர் இழை. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும்வரை பாதிக் கணக்கு சரி. வடக்குக் காற்றில் எங்கோ ஓர் இணைப்பு ஆடி, ஓர் இழை மட்டும் கெடுகிறது. உடனே அந்தத் திசைச் சேதி மட்டும் பதினோரு நிலையத்தைச் சுற்றி வருகிறது. மற்ற திசை பழைய குறுக்கு வழியிலேயே போகிறது. மஞ்சள் விளக்கு அதைத்தான் சொல்கிறது. ஒரு பக்கம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, மறுபக்கம் ஆறு பங்கு. பேச்சுக்கு இது ஒரு பொருட்டே இல்லை, மனிதக் காதுக்குத் தெரியாது. ரிலே மட்டும் மூன்றரை, மூன்றரை என்று பாதியாக்கி, தப்பான கணங்களை ஒப்பிடுகிறது. இல்லாத வித்தியாசம் ஒன்று தெரிகிறது. லோடு குறைவென்றால் வித்தியாசமும் குறைவு, பொறுத்துக்கொள்ளும். லோடு நானூறு ஆம்பியரைத் தாண்டினால் லைனைத் திறந்துவிடும்.

வளையத்தை அமைத்தபோது இரு திசையும் சேர்ந்தே மாற வேண்டும் என்று போட்டிருந்தால் இது நடந்திருக்காது. போக எவ்வளவு, வர எவ்வளவு என்று தனித்தனியாக அளந்திருந்தாலும் யாராவது கேட்டிருப்பார்கள். தனித்தனியாக அளக்க இரண்டு முனையிலும் ஒத்துப்போகும் கடிகாரங்கள் வேண்டும், யாரும் மெனக்கெடுவதில்லை. இந்தத் தொழிலில் எல்லோரும் போய்வரும் நேரத்தை அளந்து பாதியை ஒப்படைப்புத் தாளின் இரண்டு கட்டத்திலும் எழுதுவார்கள். அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

கொஞ்சம் பொறு. ஜூலை வந்ததும் நானே அமைப்பை மாற்றிவிடுவேன். அதுவரை விசாரணையை இழுத்தடி.

எல்விரா

•

லாஸ் தெபாஸ்
17 ஜூன் 2003, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு எல்லோருக்கும் சுகம். மனசுதான் வீட்டில் ஆளுக்கொரு பக்கம் இருக்கிறது. ஐதே என்னோடு நான்கு நாளாகப் பேசவில்லை.

ஏழாம் தேதி உன் கடிதம் வந்தது. மூன்று தடவை படித்தேன், மலைப்பாதை நன்றாகப் புரிந்தது. மறுநாள் வேலைக்குப் போனதும் இழை அலமாரியின் கதவைத் திறந்தேன். உள்பக்கம் பிளாஸ்டிக் உறையில் ஒப்படைப்புத் தாள் ஒட்டியிருக்கிறது. பத்து வருஷமாகத் தூசி தட்டுகிறவன், படித்ததில்லை. இரண்டு கட்டத்திலும் ஒரே எண். 'இரு திசையிலும் தாமதம் சமமா?' 'ஆம்.' அதன் கீழே வால் நீண்ட ஓர் எ. என் பள்ளிக்கூட மதிப்பெண் அட்டையில் அம்மாவுக்குப் பதிலாக நீ போட்டுக் கொடுப்பாயே, அதே எ.

உடனே கதவை மூடிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. யானைக்கும் அடி சறுக்கும், நீ யானைதான் அக்கா.

வெள்ளிக்கிழமை 20ஆம் தேதி காலை பத்துக்கு முடிவு விசாரணை. இழுத்தடிக்க நான் யார்? வெனேகாஸ் தாளோடு வருகிறார். ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போடப் போகிறேன். துணி பட்டது, தெரியாமல் பட்டது. மூன்று மாதம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். மீன் படகில் வேலைக்குப் போகிறேன் என்று நின்றவனை வால்டிவியாவுக்குக் கூட்டிப்போய்த் தொழிற்பள்ளியில் சேர்த்தவள் நீ. உன் உதவித்தொகையைப் பிரித்து மூன்று வருஷம் எனக்கும் சாப்பாடு போட்டாய். அந்த நாற்காலியில் நீ உட்கார வேண்டும். ஜூலையில் உட்கார்ந்ததும் சத்தமில்லாமல் அமைப்பை மாற்றிவிடு.

ஐதேயிடம் மட்டும் பாதியைச் சொன்னேன். "உங்கக்கா நாக்காலி பெருசு, எம் பொண்ணுக்கு அப்பன் பேரு சின்னதா? ஊர்ல காலத்துக்கும் அவ துணியோட மகளா?" என்று கேட்டுவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அவள் சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது.

என்னைத் தடுக்கலாம் என்று பார்க்காதே. கணக்குப் போட்டுத்தான் இன்று தபாலில் சேர்க்கிறேன். போய்வரப் பதின்மூன்று நாள், பாதி ஆறரை. இது உன் கைக்கு வரும்போது 23 ஆகியிருக்கும், கையெழுத்தின் மை காய்ந்திருக்கும்.

ஸ்வெட்டர் தாமாரிஸுக்குப் பொருந்தியது.

உன் தம்பி,
நோல்பெர்த்தோ

•

லாஸ் தெபாஸ்
22 ஜூன் 2003, ஞாயிறு

அக்கா,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க வேண்டியதில்லை, உன் குரலை ஊரே கேட்டது. ஆனாலும் கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்?

உன் பக்கம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. என் பக்கம் நடந்ததை நீ பார்க்கவில்லை. அதை எழுதுகிறேன்.

வெள்ளி காலை இயக்க அறையில் நான், வெனேகாஸ், வேலையில் பாரியா. நான் வேண்டாம் என்று சொல்லியும் ஐதே வந்து கதவோரமாக நின்றாள். வெனேகாஸ் தாளைப் படித்து முடித்துப் பேனாவைக் கொடுத்தார். பேனாவைக் கையில் வாங்கிவிட்டேன். பத்து மணி ஆறு நிமிடத்துக்கு இயக்க ஃபோன் அடித்தது. பாரியா எடுத்தான், ஒரு நிமிடம் கேட்டான், முகம் மாறியது, ஸ்பீக்கரைப் போட்டான்.

"பாரியா, மணியப் பாத்து சிவப்பு நோட்டுல எழுதுங்க. நான் எல்விரா ஓயார்சோ. இந்த ஃபோன்ல பேசறது பதிவாகுதுன்னு தெரிஞ்சுதான் பேசறேன்."

வெனேகாஸ் எழுந்துவிட்டார். "மேடம், இது நடைமுறை இல்ல."

"நடைமுறைதான் தப்பு, இஞ்சினியர். அதச் சொல்லத்தான் கூப்புட்டேன். உக்காருங்க. எம் தம்பி துணி எதையும் தொடல. தொட்டது என் பேனா. போக எவ்வளவு, வர எவ்வளவுன்னு அளக்காம பாதியப் போட்டு, சமம்னு கையெழுத்துப் போட்டவ நான். ஏப்ரல் மாசமே எனக்குத் தெரியும். நாக்காலிக்கு ஆசப்பட்டு வாயத் தொறக்கல."

பிறகு நீ லோடு எவ்வளவு என்று கேட்டாய். பாரியா முந்நூறு என்றான். லைன் விழாமலிருக்க ரிலேயின் டிரிப் இணைப்பை எடுத்துவிடச் சொன்னாய். வெனேகாஸ் தன் கையாலேயே எடுத்தார். எல் சால்தோவிலும் எடுத்தாயிற்று என்றாய்.

"இப்ப நான் இங்கேருந்து ஒரு திசைய மட்டும் சுத்து வழில போடறேன். ரிலேல வித்தியாசம் இருநூத்தி முப்பது காட்டும். படிங்க, இஞ்சினியர்."

அலமாரியில் மஞ்சள் எரிந்தது. லைனில் ஓர் ஈ உட்காரவில்லை. ரிலேயின் எண் பூஜ்யத்திலிருந்து எழும்பி நின்றது. வெனேகாஸ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்: "இருநூத்தி இருபத்தெட்டு."

"ரெண்டு கொறைவு. மன்னிச்சுக்கங்க" என்றாய். பாரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டான். அப்புறம் நீ என் பெயரைச் சொன்னாய்.

"நோல்பெர்த்தோ, அந்தப் பேனாவக் கீழ வைடா. நீ கையெழுத்துப் போட்டா விசாரணை முடிஞ்சிடும், கோளாறு முடியாது. அடுத்த வடக்குக் காத்துக்கு லைன் திரும்ப விழும், அன்னைக்கு ஆஸ்பத்திரி டீசல் கெளம்பலன்னா யாரு பொறுப்பு? எனக்காகப் பொய் சொல்றேன்னு நெனச்ச. என்னைக் கொலகாரி ஆக்கப் பாத்த."

பேனாவை வைத்துவிட்டேன். அழுதேன் அக்கா, எல்லோர் முன்னாலும்தான். ஐதே உள்ளே வந்து மேசையில் கிடந்த துணியை எடுத்து என் முகத்தைத் துடைத்தாள். அது பேனல் துடைக்கும் துணி. வெனேகாஸ் தாளை இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார், கிழிக்கக்கூட இல்லை. போகும்போது என் கையைக் குலுக்கினார்.

ஒரே ஒரு விஷயம் விளங்கவில்லை. செவ்வாய் போட்ட கடிதம் வெள்ளிக்குள் எப்படி உன் கைக்கு வந்தது? எதுவிகேஸிடம் போய்க் கேட்டேன். சொல்லமாட்டேன் என்று முரண்டு பிடித்தாள், பிறகு சொன்னாள். "தபால் வண்டிய நம்பினா ஆறு நாள் ஆவும். மீன் லாரி தெனமும் விமானத்துக்குப் போவுதுல்ல, நான் பையத் தூக்கி ஐஸ் பெட்டி மேல போட்டுடுவேன். ரெண்டே நாள்ல சந்தியாகோ. மேல சொல்லிடாத, என்னைத் தூக்கிடுவாங்க." அங்கிருந்து இங்கே வர மீன் லாரி கிடையாது. உன் கடிதங்கள் தபால் படகுக்குக் காத்திருந்து ஏழு நாளில் வருகின்றன.

நீயும் நானும் ஒரே தாயின் பிள்ளைகள்தான் அக்கா. போய்வரும் நேரத்தை அளந்து பாதியாக்கினேன். சமம் என்று நினைத்தேன்.

அப்படியானால் என் கடிதம் கிடைத்த அன்றே பதில் எழுதினாய் என்று நான் பெருமையடித்தது?

நோல்பெர்த்தோ

•

சந்தியாகோ
5 ஜூலை 2003, சனி

அன்புத் தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு முழுதாகத் தூங்குகிறேன். முட்டிகூட அடங்கியிருக்கிறது.

பெருமையை வாபஸ் வாங்கிக்கொள். உன் கடிதங்கள் எழுதிய மூன்றாம் நாள் என் மேசையில் இருக்கும். சனிக்கிழமை வரை ஆறப்போட்டுத்தான் எழுதுவேன். நீ புகழ்ந்தாய், நான் திருத்தவில்லை. ஈஸ்டர் அன்று நீ எழுதிய கடிதம் இருபத்திரண்டாம் தேதியே வந்துவிட்டது. மஞ்சள் விளக்கு என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பச்சை நோட்டின் நகலை எடுத்துப் பார்த்தேன். மார்ச் பக்கம் என் கையெழுத்தோடு கோப்பில் இருந்தது, படிக்காமலே போட்டிருக்கிறேன். நகலை மேசை அறைக்குள் வைத்துப் பூட்டினேன். அதன் பிறகு ஸ்வெட்டர் பின்னினேன். அந்த நாட்களில் உன் லைன் இரண்டாவது தடவை விழுந்தது. அதற்கு நான்தான் காரணம், தெரிந்தே. இதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஐதேயிடம் நேரில் கேட்பேன்.

உன் கடைசிக் கடிதம் வியாழன் மாலை வந்தது. நீ கணக்கில் கெட்டிக்காரனாக இருந்திருந்தால் நான் இன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன், உன் முகத்தைப் பார்க்க முடியாமல். நல்லவேளை, நம் குடும்பத்தில் யாருக்கும் பாதிக் கணக்கு வரவில்லை. எதுவிகேஸுக்கு ஒரு பெரிய கேக் வாங்கி வைத்திருக்கிறேன். லாரி ஓட்டுகிறவருக்கும் ஒரு துண்டு கொடுக்கச் சொல்.

நாற்காலி வேறொருவருக்குப் போயிற்று. எழுத்தில் கண்டனம் வந்தது, கோப்பில் வைத்தார்கள். பண்ணைக்கு ஆன சேதத்தைக் கம்பெனியே ஏற்றுக்கொள்கிறது என்று வெனேகாஸ் எழுதிக் கொடுத்துவிட்டார், உன் பெயர் எதிலும் இல்லை. இரு திசையும் சேர்ந்தே மாறும்படி அமைப்பை அன்றைக்கே மாற்றிவிட்டேன். தண்டனையாக, நான் கையெழுத்துப் போட்ட வளையம் முழுவதையும், பதினோரு நிலையத்தையும், போக ஒரு தடவை, வர ஒரு தடவை, இரண்டு கடிகாரங்களை வைத்து நானே போய் அளக்க வேண்டுமாம். தண்டனை என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் பூட்ஸ் வாங்கிவிட்டேன்.

முதல் நிலையம் லாஸ் தெபாஸ் என்று நானே எழுதிக் கொடுத்தேன். திங்கட்கிழமை பேருந்து ஏறுகிறேன், செவ்வாய் மத்தியானம் அங்கே இருப்பேன். இந்தக் கடிதம் பன்னிரண்டாம் தேதிதான் வரும். அதைத் தபால்காரம்மாவிடமிருந்து நானே வாங்கி, உன் அடுப்பங்கரையில் உட்கார்ந்து உனக்குப் படித்துக் காட்டுகிறேன். மன்னிப்புக் கேட்கும் இடம் வரும்போது ஐதேயையும் கூப்பிடு. அந்த வரியை மட்டும் இரண்டு தடவை படிப்பேன்.

உன் அக்கா,
எல்விரா